பேரேட்டில் ஒரு பெயர்: சப்ரகமுவாத் தோட்டத் தொழிலாளரின் முதுமைக்காலப் பாதுகாப்பு – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் தன் முதியோரை எவ்வாறு பேணுகின்றது என்பதே அச்சமுதாயத்தின் உயர்வையும் தாழ்வையும் அளந்தறிவதற்குரிய சிறந்த கோலாகும். உழைக்கும் வலு உள்ளவரை ஒருவனை அவன் கைகள் காக்கின்றன. அவ்வலு குன்றிய பின்னர் அவனைக் காப்பது யாது? நிலமா, பிள்ளைகளா, சேமிப்பா, அரசா? கிராமத்து உழவனுக்கு இவ்வினாவிற்கு ஏதேனும் ஒரு விடை இருந்தது. நிலமும் இன்றி, நெடுங்காலம் நாடும் இன்றி வாழ்ந்த பெருந்தோட்டத் தொழிலாளனுக்கோ இவ்வினா ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் விடையற்ற வினாவாகவே இருந்து வந்துள்ளது.

மலையகம் என்றதும் ஹற்றனையும் நுவரெலியாவையும் நினைப்பது ஆய்வாளரிடையேயும் வழக்கமாகிவிட்டது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவாவின் தாழ்ந்த குன்றுகளில் இறப்பர்ப் பால் வெட்டி வாழ்ந்த தமிழர் அதிகம் பேசப்படுவதில்லை. கொழும்பு–கண்டி வீதியில், கேகாலை மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ள வரக்காப்பொல அவ்வுலகின் வாயில்களுள் ஒன்று எனலாம். அங்கிருந்து உள்ளே செல்லச் செல்ல, சிங்களக் கிராமங்களுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே இறப்பர்த் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. தெற்கே, களனி கங்கைப் பக்கமாகச் சென்றால் ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல ஆகிய பகுதிகளில் தோட்டங்கள் செறிந்து காணப்படுகின்றன. தொழிலாளர் சிறு தொகையினராகச் சிதறி வாழும் இப்பகுதியில், முதுமையின் இடர் தேயிலை மலைகளிலும் பார்க்க வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. அதன் வரலாற்றையும் இன்றைய நிலையையும் நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. கடன் பேரேட்டின் காலம்

1876 ஆம் ஆண்டு கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உலகச் சந்தையில் இறப்பரின் விலை ஏறியபோது சப்ரகமுவாவின் நிலத்தோற்றத்தையே மாற்றின. காடழித்துக் கன்று நடுவதற்கும் பால் வெட்டுவதற்கும் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் கங்காணிமார் வழியே கொண்டுவரப்பட்டனர்.

தொழிலாளன் தோட்டத்தில் காலடி வைக்கும்போதே கடனாளியாக இருந்தான். வழிச்செலவு, உணவு, கம்பளி, முற்பணம் ஆகிய யாவும் அவன் பெயரில் எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்வதாயின் அக்கடனைப் புதிய துரை தீர்த்தாக வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்று எழுதிக்கொடுக்கப்பட்ட சீட்டே 'துண்டு' என வழங்கிற்று. 1921 ஆம் ஆண்டிலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் கடன்பிடியை 1920களிலும் 1930களிலும் வெளிப்படையாகக் கண்டித்து எழுதியும் பேசியும் வந்தவருள் கோ. நடேசய்யர் முதன்மையானவர். 1931 இல் அவர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனமே மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

இங்கு ஓர் ஒப்புநோக்கு பயன்தரும். ஜேர்மனியில் பிஸ்மார்க்கின் அரசாங்கம் தொழிலாளருக்கு முதுமைக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றிய ஆண்டு 1889. அதே ஆண்டில் இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் தொடர்பான 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. முன்னையது உழைத்து ஓய்ந்தவனுக்கு மாதந்தோறும் பணம் கொடுப்பது பற்றிப் பேசிற்று. பின்னையது உழைத்தவனின் கூலியை எப்போது, எவ்வாறு கொடுப்பது என்பதைப் பற்றியே பேசிற்று. முதுமை என்ற ஒன்று தோட்டத் தொழிலாளனுக்கு உண்டு என்பதை அன்றைய சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. பிரித்தானியா 1908 ஆம் ஆண்டிலே தன் நாட்டில் 70 வயதைக் கடந்த வறியோருக்கு ஓய்வூதியம் வழங்கச் சட்டம் இயற்றிய பின்னரும் அதன் குடியேற்ற நாட்டுத் தோட்டங்களில் நிலைமை மாறவில்லை.

அவ்வாறாயின் முதியோர் எவ்வாறு வாழ்ந்தனர்? கடன் தீர்ந்தவர் சிலர் ஊர் திரும்பினர். திரும்ப இயலாதோர் பிள்ளைகளின் லயக் காம்பராவில் ஒரு மூலையில் ஒடுங்கினர். புல் வெட்டுதல், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்தல் முதலிய இலகு வேலைகளில் சிலர் அரைக்கூலிக்கு வைத்துக்கொள்ளப்பட்டனர். சேமிப்பு என்பது காதிலும் மூக்கிலும் கிடந்த பொன்னாகவும், தொழுவத்தில் கட்டிய மாடாகவும், லயத்துப் பெண்கள் பிடித்த சீட்டாகவுமே இருந்தது. 1930களின் தொடக்கத்தில் இறப்பர் விலை வீழ்ந்து, பல தோட்டங்களில் பால்வெட்டு நிறுத்தப்பட்டுத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதனைத் தொடர்ந்து 1934–35 இல் வந்த மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. அத்தகைய காலத்தில் அடகுக்குப் போன தோடு மீளவில்லை என்பதை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

2. சட்டமும் சேமிப்பும்

1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலிக்கு ஒரு தளத்தை அமைத்தது. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் நேரும் விபத்துக்கு ஈடு வழங்கியது. எனினும் முதுமையை நேராக எதிர்கொண்ட முதற் சட்டம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டமேயாகும். மலாயாவில் 1951 இலும் இந்தியாவில் 1952 இலும் இத்தகைய நிதிகள் தோன்றிவிட்டன. இலங்கை அவ்வழியைப் பின்பற்றியது.

தொடக்கத்தில் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து 4 வீதமும் தொழில்கொள்வோரின் பங்காக 6 வீதமும் நிதியில் சேர்ந்தன. பின்னர் உயர்த்தப்பட்டு இன்று இவை முறையே 8 வீதமாகவும் 12 வீதமாகவும் உள்ளன. நிருவாகம் தொழில் ஆணையாளரிடமும் நிதியின் காவல் மத்திய வங்கியின் நாணயச் சபையிடமும் ஒப்படைக்கப்பட்டன. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் பணத்தைப் பெறும் உரிமை கிடைத்தது.

இம்மாற்றத்தின் பொருளைத் தோட்டத்தின் கண்கொண்டு நோக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்னர் தொழிலாளனின் பெயர் எழுதப்பட்ட பேரேடு அவன் கொடுக்க வேண்டிய கடனையே காட்டிற்று. 1958 இன் பின்னர், அவனுக்குக் கொடுக்கப்பட வேண்டியதைக் காட்டும் பேரேடு ஒன்று முதன்முறையாகத் திறக்கப்பட்டது. இது சிறிய மாற்றமன்று.

இதனை இரண்டு சட்டங்கள் நிறைவு செய்தன. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் சேவை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் கூலியை வழங்குமாறு விதித்தது.

சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. சேமலாப நிதி கடந்த காலக் கூலியின் கூட்டுத்தொகை. 1970களில் சேர்ந்த சில ரூபாக்கள் வட்டியோடு வளர்ந்தாலும் விலைவாசியோடு போட்டியிட முடிவதில்லை. பணிக்கொடையோ கடைசியாகப் பெற்ற கூலியைக் கொண்டு கணிக்கப்படுவது. இறுதி நாட்கூலி 1,000 ரூபா எனவும் சேவை 30 ஆண்டுகள் எனவும் கொள்வோமாயின், பணிக்கொடை 420,000 ரூபாவாகும். ஆகவே கூலி உயர்வுக்கான ஒவ்வொரு போராட்டமும் ஓய்வு பெறும் நிலையிலுள்ள தொழிலாளியின் முப்பது ஆண்டு உழைப்பையும் சேர்த்தே உயர்த்துகின்றது. தொழிற்சங்க மேடைகளில் போதிய அளவு எடுத்துரைக்கப்படாத உண்மை இதுவாகும்.

ஆயினும் சப்ரகமுவாவில் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது மழை. விடியற்காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையேல் செக்ரோலில் பேர் விழாது. நாட்கூலி 1,000 ரூபாவாகவும் மாதம் 20 பேராகவும் இருந்தால் சேமலாப நிதிக்கு இரு தரப்பும் சேர்ந்து 4,000 ரூபா செலுத்தும். 12 பேராகக் குறைந்தால் 2,400 ரூபாவே சேரும். தென்மேல் பருவக்காற்று பொய்க்காத நாட்டில், பெய்யும் மழை தொழிலாளியின் முதுமையையும் நனைக்கின்றது. இரண்டாவது தோட்டத்தின் அளவு. கேகாலை மாவட்டத்தில் தனியாரின் சிறிய இறப்பர்த் தோட்டங்கள் பலவுள. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதி செலுத்துதல் கடமை. ஆனால் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறையாதோரை வேலைக்கு அமர்த்திய தொழில்கொள்வோரையே கட்டுப்படுத்துகின்றது. ஆகவே பெரிய தோட்டத்தில் முப்பது ஆண்டு வெட்டியவர் பணிக்கொடை பெற, பத்துப் பேர் வேலை செய்யும் அயற்றோட்டத்தில் அதே முப்பது ஆண்டு வெட்டியவர் அவ்வுரிமையின்றி வெளியேற நேரிடும்.

3. பெண்களின் நிலை

குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்த 1929 ஆம் ஆண்டில் தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதமும் பெண்ணுக்கு 40 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. இந்த ஏற்றத்தாழ்வு 1984 ஆம் ஆண்டின் கூலிப் போராட்டத்தின் பின்னரே நீங்கி, இருபாலாருக்கும் சம கூலி கிடைத்தது. சேமலாப நிதி கூலியின் வீதமாகவே கணிக்கப்படுவதால், 1958 முதல் 1984 வரை பெண்ணின் கணக்கில் சேர்ந்ததும் குறைவு. கூலியில் இழைக்கப்பட்ட அநீதி கூலியோடு முடிந்துவிடாமல், சட்டத்தின் வாயிலாகவே அவளது முதுமைக்கும் கடத்தப்பட்டது.

திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டு நீங்கும் பெண் தன் பணத்தைப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. இது சலுகை போலத் தோன்றும். உண்மையில் முதுமைக்கென வைத்த பணம் சீதனமாகவோ கலியாணச் செலவாகவோ கரைந்துபோக, அவள் மீண்டும் பெரட்டுக்கு வரும்போது கணக்கு வெறுமையிலிருந்து தொடங்குகின்றது. பெண்கள் ஆண்களிலும் நீண்ட காலம் வாழ்கின்றனர். அவர்களது நீண்ட முதுமைக்குக் குறைந்த பணமே கிடைப்பது இம்முறையின் பெருங்குறையாகும்.

4. காப்புறுதி லயத்தை எட்டாமை

1961 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, ஆயுட் காப்புறுதி அரசின் தனியுரிமையாயிற்று. 1980களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. எனினும் ஆயுட் காப்புறுதி தோட்ட உத்தியோகத்தரின் இல்லங்களை எட்டிய அளவுக்கு லயங்களை எட்டவில்லை. காரணங்கள் வெளிப்படை. கட்டுப்பணம் மாதம் தவறாது செலுத்தப்பட வேண்டியது. நாட்கூலியோ மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறுவது. சில தவணைகள் தவறினால் காப்புறுதி காலாவதியாகும். வயதை நிறுவப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது பலரிடம் இருக்கவில்லை.

அவ்விடத்தை நிரப்பியது தோட்டத்து மரண உதவிச் சங்கமே. ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் சிறு சந்தா செலுத்தும். ஒருவர் இறந்தால் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் கருமாதிக்கும் சங்கம் உதவும். காப்புறுதித் தத்துவத்தின் சாரம், அதாவது பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒருவரின் இடரைத் தாங்குதல், இங்கு முழுமையாக உள்ளது. ஆயினும் அது சாவுக்குக் கைகொடுக்கின்றதேயன்றிச் சாவுக்கு முந்திய இருபது ஆண்டுகளுக்குக் கைகொடுப்பதில்லை. நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் உறுப்பினராக வேலையிலிருக்கும் தொழிலாளிக்கு, இறப்பு, நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்குரிய காப்புறுதி நன்மைகள் தனிக் கட்டுப்பணமின்றியே உண்டு என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. அறியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம்.

5. ஒப்பந்தமும் நாலாயிரம் ரூபாவும்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவுசெய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சமமாகப் பங்கிடப்பட்டனர்.

இவ்வொப்பந்தத்தில் அரசியல் அறிஞர் பலர் கடந்து சென்றுவிடும் வாசகம் ஒன்றுண்டு. நாடு திரும்புவோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உள்ளடக்கிய உடைமைகளைக் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படுவர் என்பதும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படமாட்டாது என்பதுமே அது. மூன்று தலைமுறை உழைப்பின் விலை இரு நாட்டு அரசுகளின் மேசையில் எண்ணாக எழுதப்பட்ட இடம் இதுவாகும்.

சென்றவர்க்கு அங்கும் தொழிலே துணையாயிற்று. தேயிலை தெரிந்தோர் நீலகிரிக்குச் சென்றனர். இறப்பர் தெரிந்தோருள் சிலர் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு இறப்பர்த் தோட்டங்களிலும், கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் மீண்டும் பால்வெட்டுக் கத்தியைக் கையிலெடுத்தனர். முதுமைக்கென வந்த பணம் புதிய வாழ்வின் முதற் செலவாகிவிட, முதுமை மீண்டும் வெறுங்கையோடு நின்றது.

எஞ்சியோர்க்கும் இடர் குறையவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிற்று. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் சப்ரகமுவாவிலிருந்து பலர் வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டமும் நிருவாகமும் இருப்பிடமும் இவ்வாறு மாறும்தோறும் தொழிலாளியின் சேவைக் காலம் பல பேரேடுகளில் சிதறிற்று. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் பிறிதொரு எழுத்துக்கூட்டல் என்ற நிலையில், பணம் இருந்தும் அதற்கு உரியவர் தாமே என்பதை நிறுவ முதியோர் கேகாலைக்கும் நாரஹேன்பிட்டிக்கும் அலைய நேர்ந்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை அளித்தது. ஆனால் பேரேட்டிலே பிழையாக எழுதப்பட்ட பெயரை எந்தச் சட்டமும் தானாகத் திருத்துவதில்லை.

6. மொத்தப் பணமும் மாத வருமானமும்

முப்பதாண்டு உழைப்பின் பயன் ஒரே நாளில் கைக்கு வருகின்றது. வாழ்நாளில் அத்துணைப் பெருந்தொகையை ஒருசேரக் கண்டிராத குடும்பத்துக்கு அது ஒரு சோதனையே. கடைப்பற்று, அடகிலுள்ள நகை, மகளின் கலியாணம், மகனின் கொழும்பு வேலைக்கான செலவு, ஒழுகும் கூரை ஆகிய யாவும் அந்நாளையே எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. இதனை ஊதாரித்தனம் என்று பழிப்பது பொருந்தாது. காணியும் வீட்டுறுதியும் இல்லாத குடும்பத்துக்கு வேறெந்தப் பணமும் ஒருபோதும் வரப்போவதில்லை என்பதே அதன் காரணம்.

மேற்குறித்த 420,000 ரூபாவையும் செலவிடாது வங்கியிலே நிலையான வைப்பில் இட்டு 10 வீத வட்டி கிடைக்கின்றதெனக் கொண்டாலும், மாத வருமானம் 3,500 ரூபாவேயாகும். விலைவாசி ஏறும்போது அதுவும் தேய்கின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. ஓராண்டு முன்னர் ஓய்வு பெற்று வட்டியை நம்பியிருந்தவரின் கையிருப்பு, அவர் தொடாமலே கரைந்தது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிலே சேமலாப நிதியின் முறிகளும் சேர்க்கப்பட்டமை, தொழிலாளியின் சேமிப்பு அரசின் நிதிநிலையோடு எத்துணை பிணைந்துள்ளது என்பதை நாடறியச் செய்தது.

இந்தியா 1995 ஆம் ஆண்டில் தன் சேமலாப நிதியோடு மாத ஓய்வூதியத் திட்டம் ஒன்றை இணைத்தது. அதன் தொகை போதாது என்ற குறை அங்கு உண்டு. எனினும் மாதந்தோறும் வரும் சிறு தொகை முதியவரின் நிலையைக் குடும்பத்துள் மாற்றும் ஆற்றலுடையது. மொத்தப் பணம் கொடுத்து முடித்த முதியவர் மறுநாள் முதல் சுமையாகின்றார். மாத வருமானமுடைய முதியவரோ வீட்டின் ஓர் அங்கமாகவே நீடிக்கின்றார். இலங்கையில் 1987 இல் விவசாயிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் சட்டமாயிற்று. நாட்டின் ஏற்றுமதிப் பயிரை வளர்த்த தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அது இன்றும் கனவாகவே உள்ளது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தோட்டத் தொழிலாளரின் முதுமைப் பாதுகாப்பு மூன்று கட்டங்களைக் கடந்து வந்துள்ளமை புலனாகும். கடன் மட்டுமே எழுதப்பட்ட கட்டம், சேமிப்பு எழுதப்பட்ட கட்டம், எழுதப்பட்ட சேமிப்பைப் பெறுவதும் பேணுவதுமே போராட்டமாகியுள்ள இன்றைய கட்டம் என்பன அவை. முதற்கட்டத்திலிருந்து இரண்டாவதற்கு வந்தது தொழிற்சங்கங்களாலும் சட்டங்களாலும். இரண்டாவதன் பயனை முழுமையாகப் பெறுவதற்கு அவற்றோடு அறிவும் வேண்டும்.

ஓய்வுக்குப் பத்தாண்டு முன்னரே பெயரையும் பிறந்த திகதியையும் எல்லா ஆவணங்களிலும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுதல், பின்னுரித்தாளரைப் பதிவுசெய்தல், கணக்குக் கூற்றை ஆண்டுதோறும் சரிபார்த்தல், கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதியையேனும் முதியவர்களின் பெயரிலேயே வைப்பிலிடுதல் ஆகியன பெரும் செலவின்றிச் செய்யத்தக்கவை. இவற்றுக்குத் தேவைப்படுவது படிவத்தை வாசித்து விளங்கிக்கொள்ளத்தக்க ஒருவரே. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த தலைமுறையொன்று இன்று உருவாகியுள்ளது. அத்தலைமுறையின் கல்விக்குச் செலவானது பெரும்பாலும் ஒரு தாயின் அல்லது பாட்டனின் சேமலாப நிதியே. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவன் தன் லயத்து முதியோரின் அட்டைகளை ஒரு முறை எடுத்துப் பார்ப்பானாயின், அது அக்கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்த்ததாக அமையும். வரக்காப்பொலையில் பேருந்தை விட்டிறங்கி இறப்பர் நிழலூடே நடந்து செல்லும் அவனுக்காக அங்கே ஒரு பேரேடு காத்திருக்கின்றது.